கல்லூரி இணையதளத்தில் ஓட்டை கண்ட மாணவிக்கு

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். இப்போது தனியார் கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். அப்பா தக்காளி வியாபாரம் செய்கிறார். வகுப்பில் பாடத்தைத் திரையில் காட்டி எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆய்வகத்தில் இதுவரை செய்தது சி நிரல்களும் டேட்டாபேஸும்தான். ஹேக்கிங் எதுவும் இல்லை. பெங்களூரில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு மாதப் பயிற்சிக்கு 95,000 ரூபாய் கேட்கிறது. 100 சதவீத வேலை உறுதி என்கிறார்கள். அம்மா சங்கிலியை அடகு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். கல்லூரியை விட்டுவிட்டு அங்கே சேரலாமா? இந்த வேலையில் இரவுப் பணி இருக்கும் என்று கேள்விப்பட்டு அப்பா தயங்குகிறார். போலீஸ் வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறார். இன்னொரு விஷயம். கல்லூரி இணையதளத்தில் என் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பார்க்கும்போது, முகவரியின் கடைசியில் என் பதிவு எண் இருந்தது. அதை மாற்றிப் பார்த்தேன், அடுத்தவருடைய மதிப்பெண் வந்தது. நான்கு பேருடையதைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். கல்லூரியில் சொல்லலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: அன்புத் தங்கைக்கு,

‘இன்னொரு விஷயம்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதல் பதில். மற்றக் கேள்விகள் ஒரு மாதம்கூடக் காத்திருக்கும்.

இனிமேல் அந்த முகவரியில் எண்ணை மாற்றாதீர்கள். இன்னும் யார் யாருடையது வருகிறது, போன வருடத்து மாணவர்களுடையதும் வருமா என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை எந்த வாட்ஸ்ஆப் குழுவிலும் போடாதீர்கள், நெருங்கிய தோழிக்கும் அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பாடத்திட்டத்தில் ஏதோ ஒரு பருவத்தில் வந்தே தீரும். உரியவரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதையும் அதிலிருந்து தகவலை எடுப்பதையும் அதன் 43ஆம் பிரிவு இழப்பீடு கோரத்தக்க செயலாகச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின் கீழ் குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களிடம் கெட்ட நோக்கம் இல்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்த எனக்குத் தெரியும். இணையதளத்தை ஓட்டும் சர்வர் கணினியில் பதிவாவது நோக்கம் இல்லை. எந்தக் கணக்கு, எந்த நேரம், எந்தெந்த எண்களைக் கேட்டது என்பதுதான். நான்கு எண்களைப் பார்த்தால் ஆர்வக்கோளாறு என்பார்கள். நானூறு எண்களைப் பார்த்தால் திருட்டு என்பார்கள், நீங்களும் மறுத்துப் பேச முடியாது.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு சொல்கிறேன், நீங்கள் கண்டது அருமையான ஒன்று. அதில் என்ன கோளாறு என்று புரிந்துகொண்டீர்களா? விடுதி வாசலில் காவலாளி அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிறார். உள்ளே வந்தவர் எந்த அறையையும் திறக்கலாம், ஒவ்வொரு அறைக்கும் ஒரே சாவி. உங்கள் கல்லூரி இணையதளம் அப்படித்தான் இருக்கிறது. கடவுச்சொல்லைக் கேட்டு, நீங்கள் ஒரு மாணவி என்று உறுதிசெய்துகொள்கிறது. அதன்பின் கேட்கப்படும் மதிப்பெண் உங்களுடையதுதானா என்று பார்ப்பதே இல்லை. முதல் சோதனை ஆள் யார் என்பது, இரண்டாவது சோதனை அந்த ஆளுக்கு என்ன உரிமை என்பது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் நிரலாளர்கள் பெரிய நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். இணையச் செயலிகளில் அடிக்கடி காணப்படும் பலவீனங்களை ஓவாஸ்ப் என்ற அமைப்பு பட்டியலிடுகிறது. அதன் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் இந்த வகைக் கோளாறுக்குத்தான். சரிசெய்வதும் பெரிய வேலை அல்ல. யார் உள்ளே வந்திருக்கிறாரோ அவருடைய எண்ணும் கேட்கப்படும் எண்ணும் ஒன்றா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். முகவரியில் எண்ணை மறைத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லத்தான் வேண்டும், ஆனால் எழுத்தில். நம் ஊர்க் கல்லூரிகளை எனக்குத் தெரியும். ‘மாணவி ஒரு குறையைக் கண்டுபிடித்தாள்’ என்பது அவர்கள் காதில் விழுவதற்கு முன்பே ‘மாணவி உள்ளே நுழைந்துவிட்டாள்’ என்பது விழுந்துவிடும். எனவே உங்கள் மீது நல்லெண்ணம் உள்ள ஆசிரியர் ஒருவரிடம் முதலில் பேசிவிட்டு, அவர் மூலமாகத் துறைத் தலைவரிடம் ஒரு பக்க அறிக்கை கொடுங்கள். எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில், எதை மாற்றியபோது என்ன வந்தது, இதனால் யாருக்கு என்ன பாதிப்பு, எப்படிச் சரிசெய்யலாம். எத்தனை பேருடையதைப் பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் நான்கு என்றே எழுதுங்கள். அடுத்தவர் மதிப்பெண் உள்ள படங்களை இணைக்காதீர்கள். அறிக்கையைக் கொடுத்ததும் அவற்றை அழித்துவிடுவதாக அதிலேயே எழுதி, அப்படியே செய்யுங்கள். பரிசு, பாராட்டுச் சான்றிதழ், பணம் எதையும் கேட்காதீர்கள். குறையைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினால் அது மிரட்டலாகப் படிக்கப்படும். கல்லூரி கண்டுகொள்ளவே இல்லை என்றால், 2004 முதல் இயங்கிவரும் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு இத்தகைய குறைகளைப் பற்றிய தகவல்களைப் பெற்றுக்கொள்கிறது, அங்கே எழுதலாம். சமூக வலைதளத்தில் போட்டு நாறடிப்பது கடைசி வழிகூட இல்லை.

அறிக்கையை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தமிழ்வழியில் படித்ததைக் கடிதத்தில் ஒரு குறையைப் போலச் சொல்லியிருக்கிறீர்கள். நான் வேலை செய்யும் கணினிப் பாதுகாப்புத் துறையில் அலங்கார ஆங்கிலம் யாருக்கும் வேண்டாம். ஒரு வரியில் ஒரு செய்தி, காலம் பிசகாத வினைச்சொல், இவை போதும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசும் தைரியம் ஓராண்டில் தானாக வந்துவிடும். எழுத்து வராதவருக்குத்தான் பதவி உயர்வு நின்றுபோகிறது.

இனி பெங்களூர்ப் பயிற்சி. சேராதீர்கள். கல்லூரியையும் விடாதீர்கள்.

ஆளெடுக்கும் மேசையில் எதிர்ப்பக்கம் உட்காருபவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பட்டம் இல்லாதவரின் விண்ணப்பம் என் மேசைவரை வருவதே அபூர்வம். அதற்கு முன்பே மனிதவளத் துறையின் வடிகட்டியில் நின்றுவிடும். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அம்மாவின் சங்கிலியை வைத்து விதிவிலக்காக முயல்வது நியாயமில்லை. ‘100 சதவீத வேலை உறுதி’ என்பவர்களிடம் மூன்று விஷயம் கேட்டுப்பாருங்கள். வேலை கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா? என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? என் விண்ணப்பத்தில் இரண்டு வருட அனுபவம் என்று சேர்க்கச் சொல்வீர்களா? முதல் கேள்விக்கு மழுப்பினாலோ, மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலோ, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிடுங்கள். பொய்யான அனுபவச் சான்றுடன் வேலைக்குச் சேர்ந்து, பின்னணிச் சரிபார்ப்பில் பிடிபட்டு வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் ஒருமுறை அந்தக் கறை பட்டால் மறுபடி ஏறுவது கடினம். இங்கே விற்பனையாகும் சரக்கே நம்பிக்கைதான்.

சி நிரல்களும் டேட்டாபேஸும்தான் நடக்கின்றன என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. நினைவகத்தில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி ஒரு நிரல் எழுதினால் என்ன ஆகும் என்பது சி தெரிந்தவருக்குத்தான் உறைக்கும். 1988இல் இணையத்தையே திணறடித்த மோரிஸ் புழு (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நிரல்) நுழைந்த வழிகளில் ஒன்று அதுதான். டேட்டாபேஸுக்குக் கேள்வி எழுதத் தெரியாதவர், அந்தக் கேள்விக்குள் அடுத்தவர் எதைச் செருகுகிறார் என்று எப்படிப் பார்ப்பார்? பாடத்திட்டத்தில் நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டும் வரும்போது மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறக்காதீர்கள். இந்தப் பட்டத்தில் கறி அதுதான், மற்றதெல்லாம் தாளிப்பு. ஹேக்கிங் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் இயங்குதளத்தின் டிராகன் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு திரிபவர்களைப் பார்த்து ஏங்காதீர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் போடத் தெரியாது.

ஆய்வகம் தராததை நீங்களே அமைத்துக்கொள்ளலாம், செலவில்லாமல். 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி போதும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், ஒரே கணினிக்குள் இரண்டு கணினிகளை ஓட்டலாம். ஒன்று தாக்க, ஒன்று தாக்குப்பட. இரண்டுக்கும் நீங்களே உரிமையாளர் என்பதால் அனுமதிப் பிரச்சினை இல்லை. கணினிக்கு வந்துபோகும் தகவலைப் படம்பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, உலாவியில் ஓர் இணையதளப் பெயரைத் தட்டிப்பாருங்கள். முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி 53ஆம் போர்ட்டுக்கு (கணினியின் எண்ணிட்ட வாசல்) போவதும், பதில் வந்ததும் இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி கைகுலுக்கலின் மூன்று செய்திகள் வரிசையாக வருவதும் கண்ணால் தெரியும். சில உலாவிகள் அந்தக் கேள்வியை மறையாக்கம் செய்து அனுப்பும். 53 தென்படவில்லை என்றால் ஏன் என்று துருவுங்கள். இதை உங்கள் கைபேசி இணைப்பில் செய்யுங்கள், கல்லூரி வைஃபையில் வேண்டாம். காரணத்தைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஓவர்திவயர் இணையதளத்தில் ‘பேண்டிட்’ என்றொரு விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒளித்துவைத்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தால் அடுத்த கட்டம் திறக்கும். விளையாடி முடிப்பதற்குள் லினக்ஸ் கட்டளைகள் விரலுக்குப் பழகிவிடும். முழுக்க முழுக்க எழுத்துதான், படமோ வீடியோவோ இல்லை. எனவே உங்கள் கிராமத்தில் இழுத்து இழுத்து வரும் இணையத்திலும் ஓடும். அதன்பின் போர்ட்ஸ்விகர் நிறுவனத்தின் இலவச இணையப் பாதுகாப்புப் பயிற்சிக்கூடத்துக்குப் போங்கள். நீங்கள் கல்லூரி இணையதளத்தில் கண்ட அதே கோளாற்றை வேண்டுமென்றே வைத்த பயிற்சித் தளங்கள் அங்கே இருக்கின்றன. அங்கே எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

நேர்காணலில் நான் அதிகம் கேட்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதனால் எனக்கு நஷ்டமில்லை. விண்டோஸ் கணினியில் யாராவது உள்ளே நுழைய முயன்று தோற்றால் 4625 என்ற எண்ணுடன் ஒரு பதிவு விழும், வென்றால் 4624. அதிகாலை இரண்டு மணிக்கு, ஒரே கணக்குக்கு, ஒரே முகவரியிலிருந்து 4625 வரிசையாக வருகிறது, பிறகு ஒரே ஒரு 4624, பிறகு அமைதி. இந்தப் பட்டியலைக் காகிதத்தில் கொடுத்து, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். ‘தாக்குதல் நின்றுவிட்டது’ என்பவர்கள் உண்டு. நின்றதற்குக் காரணம் கடவுச்சொல் கிடைத்துவிட்டது என்பதாக இருக்கலாம். அந்தக் கணக்கு யாருடையது, அவர் அந்த நேரத்தில் வேலை செய்பவரா, உள்ளே வந்தபின் எந்தக் கோப்பைத் தொட்டது என்று அடுக்கடுக்காகக் கேட்பவரை எடுத்துக்கொள்வேன். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் பழைய கடவுச்சொல்லை வைத்தே ஏதாவது ஒரு நிரல் முயன்றுகொண்டிருந்தாலும் இப்படி 4625 குவியும் என்று ஒருவர் சொன்னால் இன்னும் மகிழ்ச்சி. அவர் உண்மையான கணினிகளைப் பார்த்திருக்கிறார். உங்கள் மடிக்கணினியில் விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்தால் இந்தப் பதிவுகளைக் காணலாம். தோல்விப் பதிவுகள் வரவில்லை என்றால் அவற்றைப் பதியும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கலாம். எங்கே இயக்குவது என்று தேடிப்பிடியுங்கள்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் உரிமை உண்டு. வரவில்லை என்றால் கல்லூரியில் கேளுங்கள். அதில் மிச்சம் பிடிக்க முடிந்தால், இறுதியாண்டில் நெட்வொர்க்குக்கான சிஸ்கோவின் சிசிஎன்ஏ, அடிப்படைப் பாதுகாப்புக்கான காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் ஆகிய சான்றிதழ்த் தேர்வுகள் இரண்டில் ஒன்றை எழுதப் பாருங்கள். கட்டணம் டாலரில் இருப்பதால் சுளீரென்று இருக்கும். ஒன்றுதான் முடியும் என்றால் சிசிஎன்ஏ. சிஇஹெச் என்ற ஹேக்கிங் சான்றிதழுக்கு நம் ஊரில் பெயர் அதிகம். அந்த விலைக்கு அது தகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, வேலை கிடைத்து நிறுவனமே பணம் கட்டினால் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பல நிறுவனங்களில் பி.இ. பட்டத்தைவிடத் தொடக்கச் சம்பளம் குறைவு. இது மனதை அறுக்கும், ஆனால் வழி அடைபட்டதில்லை. உங்கள் பட்டம் பெரியார் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருமானால் மேற்படிப்புக்கு எந்தத் தடையும் இல்லை. எம்.சி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு இருக்கிறது. திருச்சி என்ஐடியில் படிக்க ஆசை என்றால் நிம்செட் எழுத வேண்டும், அதற்குக் கணிதத்தைக் கைவிடக் கூடாது. பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்கவைக்கும் விப்ரோவின் திட்டத்தையும் விசாரியுங்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள், உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை: ஓசூர். பாதுகாப்பு வேலை என்றால் வங்கியும் மென்பொருள் நிறுவனமும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஓசூர் சிப்காட் ஆலைகளில் இயந்திரங்களை இயக்குவதும் கணினிதான். அலுவலகக் கணினியை இரவில் நிறுத்திப் புதுப்பித்துவிடலாம். உற்பத்தி வரிசையை நிறுத்தினால் நிமிடத்துக்கு நஷ்டம் என்பதால், இயந்திரத்தோடு வந்த பழைய விண்டோஸ் புதுப்பிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள், சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் ஆலையும் அதில் பாதிக்கப்பட்டது. ஆலைக் கணினிகளின் பாதுகாப்பு தெரிந்தவர்கள் குறைவு. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஓசூரில் ஏதாவது ஓர் ஆலையின் கணினிப் பிரிவில் இடம் கேட்டுப்பாருங்கள். தக்காளி லாரி அனுப்பிய பழக்கத்தில் அப்பாவுக்கு அங்கே யாரையாவது தெரிந்திருக்கும். வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.

அப்பாவின் போலீஸ் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இந்தப் பட்டம் வாங்கியதாலேயே காவல் துறையில் இடம் கிடைக்காது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எல்லோரையும்போல எழுதி, உடற்தகுதியிலும் தேற வேண்டும். உள்ளே போனபின் சைபர் கிரைம் பிரிவுக்கு இந்தப் படிப்பு உதவும்.

இரவுப் பணி உண்மைதான். தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு மையம் 24 மணி நேரமும் இயங்கும்; புதிதாகச் சேருபவர்களுக்கு அங்கேதான் இடம் அதிகம். இணையத் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022இல் உத்தரவிட்டது. இரவென்று தூங்கிவிட முடியாது. பெரும்பாலும் சுழற்சி முறையில்தான் வரும், ஓரிரு ஆண்டுகளில் பகல் வேலைக்கு மாறுபவர்கள் பலர். இரவே வேண்டாம் என்றால் தணிக்கைப் பக்கம் போகலாம்: ஒரு நிறுவனம் விதிகளைப் பின்பற்றுகிறதா என்று ஆவணங்களைச் சரிபார்த்து அறிக்கை எழுதும் வேலை, பகலில் முடிந்துவிடும்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். வேலைக்கான அழைப்பு வரும்போது, இரவில் வீட்டு வாசல்வரை வண்டி உண்டா, வண்டியில் காவலர் வருவாரா, மாதத்தில் எத்தனை இரவு என்று நீங்களே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி அவரிடம் காட்டுங்கள். சேருவதற்கு முன் ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய் அலுவலகத்தையும் தங்கப்போகும் விடுதியையும் பார்த்துவிட்டு வாருங்கள். பாலக்கோட்டில் ரயில் ஏறினால் ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர்தானே.

அறிக்கையை இந்த வாரமே எழுதிவிடுங்கள். கல்லூரியில் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பினால் திருத்தித் தருகிறேன். அடுத்தவர் மதிப்பெண்கள் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.